சின்னம்மாவின் இடது கை

கோவர்த்தனன் ஐந்தரைக்கு எழுந்திருப்பான். கொல்லைக் கிணற்றில் எட்டு வாளி இறைத்துத் தொட்டியை நிரப்புவான். தாட்சாயணி அடுப்பு மூட்டுவாள். அவன் சவரம் செய்துகொள்வான், அவள் குளிப்பாள். ஆறே முக்காலுக்குக் காப்பி. எட்டு மணிக்கு இட்லியோ கூழோ, எது இருக்கிறதோ அது. ஒன்பதரைக்குச் சைக்கிளில் சித்தூர் கலெக்டர் ஆபீசு. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இந்த வரிசை மாறியதில்லை.

1959 ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை காப்பி ஏழு மணிக்கு வந்தது.

"லேட்டு," என்றான்.

"குளிக்கச்சொல்ல ஒரு கட்டி கைல தட்டுச்சு. வலது மாருல. புளியங்கொட்ட அளவு இருக்கும். நிஜந்தானான்னு நாலு தடவ தொட்டுப் பாத்தேன், அதான் லேட்டு," என்றாள். "சக்கர போதுமா?"

போதும் என்றான். சர்க்கரையே போடவில்லை என்பது பாதி டம்ளர் குடித்த பிறகுதான் இருவருக்கும் தெரிந்தது.

சனிக்கிழமை வேலூர் பஸ் ஏறினார்கள். நகரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவள் தகப்பனார் கிருஷ்ணப்பாவும் வந்து சேர்ந்துகொண்டார். தகவல் எப்படிப் போயிற்று என்று கோவர்த்தனனுக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் யாருக்குத் தலைவலி வந்தாலும் மறுநாள் காலை அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெயகுமாரி கையால் தொட்டுப் பார்த்தார். அக்குளிலும் பார்த்தார். பிறகு கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"உங்க குடும்பத்துல யாருக்காவது மார்புல புற்று வந்திருக்கா?"

"இல்லீங்க. எங்க வம்சத்துலயே கெடையாது," என்றார் கிருஷ்ணப்பா. மகள் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டார்.

"பேரு தெரியாது டாக்டரம்மா," என்றாள் தாட்சாயணி. "எங்கம்மாவுக்குப் பால் கட்டிக்கினுதுன்னு சொன்னாங்க. அப்ப எனக்குப் பன்னெண்டு வயசு, என் தங்கச்சிக்கு ரெண்டு வயசு. ரெண்டு வருஷம் படுத்தபடுக்கையா கெடந்து போயிட்டாங்க. எங்க பெரியம்மாவுக்கு ஒலக்க பட்டுடுச்சின்னு சொன்னாங்க. அதுவும் மாருலதான்."

டாக்டர் கிருஷ்ணப்பாவைப் பார்த்தார். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. புற்றாகத்தான் தெரிகிறது என்றார். மயக்கம் கொடுத்துக் கட்டியில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள், உறுதியானால் அப்போதே மார்பு முழுவதையும் எடுத்துவிடுவார்கள். இந்த மாதத்துக்குள் செய்தால் நல்லது. எல்லோரும் பிழைப்பார்கள் என்று தன்னால் சொல்ல முடியாது, ஆனால் சீக்கிரம் வந்தவர்கள் அதிக நாள் இருக்கிறார்கள்.

"யோசிச்சி சொல்றேன்," என்றாள் தாட்சாயணி, மாம்பழக் கூடைக்காரியிடம் சொல்வதுபோல.

கோவர்த்தனனுக்கு அப்போது ஆபீசில் ஆந்திராவுக்கும் மெட்ராசுக்கும் எல்லை பிரிக்கும் வேலை. திருத்தணி தாலுக்கா மெட்ராசுக்குப் போகிறது, சத்தியவேடு இந்தப் பக்கம் வருகிறது. எந்தக் கிராமம் போகிறது, எந்தக் கிராமம் நிற்கிறது என்று பட்டியல் எழுதுவது அவன் பொறுப்பு. தெலுங்கில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. எழுதியதை வீட்டுக்குக் கொண்டுவந்து சரிபார்ப்பான். அன்று மாலை தாட்சாயணி அவனிடம் ஒரு முழுத்தாள் கேட்டாள். தரையில் உட்கார்ந்து கோடு போட்டாள். பெயர், கத்தி பட்டதா, எத்தனை நாள் இருந்தாள். மூன்று கட்டம்.

பெரியம்மா: பட்டது. மூன்று மாதம்.

அம்மா: படவில்லை. இரண்டு வருஷம்.

"பாருங்க. கத்தி பட்டா பரவிடும்னு ஊருல சும்மாவா சொல்றாங்க? உங்க ஆபீசு கணக்குப்படியே மெஜாரிட்டி படாத பக்கம்."

"ரெண்டு பேரை வச்சி மெஜாரிட்டி பாக்க முடியாது."

"எங்க வூட்டு ஜனத்தொக அவ்ளோதான், இன்னா பண்றது?"

"பெரியம்மா நாள் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாங்க. டாக்டர் சொன்னாங்க இல்ல?"

"டாக்டர் சொல்லுவாங்க. எங்க வூட்டுல கத்தி பட்டுப் பொழச்சவள ஒருத்திய நான் கண்ணால பாக்கல. ஒருத்திய காட்டுங்க, நாளைக்கே போய்ப் படுத்துக்கறேன்."

அவன் பி.ஏ. படித்தவன். காட்ட ஒருத்தியும் இல்லாததால் விளக்கைத் தூண்டிவிட்டுச் சத்தியவேடு பட்டியலைச் சரிபார்த்தான். ஒரே கிராமத்தை இரண்டு தடவை எழுதியிருந்தான்.

அடுத்த வாரம் கிருஷ்ணப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. மகளின் முடியைத் திருப்பதிக்குக் கொடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். சின்ன மகள் சுந்தரம்மாவுக்குத் தை மாதம் கல்யாணம். அதுவரை பெருமாள் பார்த்துக்கொள்வார், மற்றதைப் பிறகு பேசலாம்.

"கத்தி வேணாம்னேன், நைனா கத்திய அனுப்பி வெச்சிருக்காரு," என்று சிரித்தாள் தாட்சாயணி. "தலைக்குத்தான், பரவால்ல."

திருப்பதி பஸ் நிலையத்தில் கிருஷ்ணப்பா காத்திருந்தார். உடன் ரத்தினம்மா. தாட்சாயணியின் அம்மாவுக்குக் கடைசித் தங்கை, நகரியில் கைத்தறிப் புடவை வியாபாரம். நாற்பத்தாறு வயது. நாலு பிள்ளை பெற்றவள். பஸ்ஸில் ஜன்னல் இடத்துக்கு ஒரு போலீஸ்காரரோடு சண்டை போட்டு ஜெயித்தாள்.

மலையில் தாட்சாயணி முடி கொடுத்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்து புருஷன் எதிரில் நின்றாள்.

"எப்பிடி?"

"காது பெரிசா இருக்கு."

"ஆறு வருஷமா பாத்துக்கினு இருக்கீங்க, இப்பதான் தெரியுதா?"

வரிசையில் நான்கு மணி நேரம் நின்றார்கள். முன்னால் ரத்தினம்மா, பின்னால் தாட்சாயணி, அவளுக்குப் பின்னால் கோவர்த்தனன், கடைசியில் கிருஷ்ணப்பா. உள்ளே நெருங்க நெருங்கக் கூட்டம் இறுகியது. சந்நிதி தெரிந்ததும் ஜனம் மொத்தமும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி "கோவிந்தா!" என்றது. எங்கு பார்த்தாலும் கைகள்.

ரத்தினம்மாவுக்குக் குரல் எல்லோரையும் விடப் பெரிது. ஆனால் வலது கை மட்டும்தான் மேலே போயிற்று. இடது கை தோள்வரை வந்து நின்றுவிட்டது.

தாட்சாயணி பெருமாளைப் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பார்த்தாள். மறுபடி "கோவிந்தா!" எழுந்தது. மறுபடி ஒரு கை. அதற்குள் "ஜரகண்டி, ஜரகண்டி" என்று இவர்களை வெளியே தள்ளிவிட்டார்கள்.

"சாமிய பாத்தியா?" என்று கேட்டான் கோவர்த்தனன்.

"இல்ல. வேற ஒண்ணு பாத்தேன்."

சத்திரத்தில் இலை போட்டுப் புளிசோறு தின்னும்போது ஆரம்பித்தாள்.

"இன்னா சின்னம்மா, சாமிக்கே ஒரு கைதானா?"

"தோளு புடிச்சிக்கினுது. வாயு."

"எப்பலர்ந்து?"

"வாயு என்ன பஞ்சாங்கம் பாத்தா வருது? துன்னுடி."

"நான் தாவணி போட்ட நாள்லர்ந்து நீ பரண்மேலேர்ந்து ஒரு பானைய எறக்கினதில்ல. கொடில துணி போட என்னத்தான் கூப்புடுவ. கொளத்துல எங்களோட ஒரு நாளு எறங்கினதில்ல." தாட்சாயணி இலையை மூடினாள். "உள்ள வா. கதவ சாத்தலாம்."

"எதுக்குடி?"

"நான் காட்டறேன், நீயும் காட்டு."

ரத்தினம்மா கிருஷ்ணப்பாவைப் பார்த்தாள். அவர் சாப்பாட்டை நிறுத்தியிருந்தார். இரண்டு பெண்களும் உள்ளே போனார்கள். தாழ்ப்பாள் விழுந்தது.

வெளியே மாமனாரும் மருமகனும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே யாரோ அழுதார்கள். கிருஷ்ணப்பா எழுந்திருக்கப் போனார். அப்போது சிரிப்புச் சத்தம் கேட்டது, முதலில் ஒன்று, பிறகு இரண்டும். எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார்.

கதவு திறந்தது. தாட்சாயணி கையில் ஒரு சின்னத் துணிப்பை. உள்ளே இலவம்பஞ்சு.

"நைனா, பதினாறு வருஷம். இவ ஜாக்கெட்ல இத்த வெச்சிக்கினு திரியறா. உனக்குத் தெரியுமா?"

"குடுடி அத்த," என்று பிடுங்கிக்கொண்டாள் ரத்தினம்மா. "இதோ, எங்க மாமாதான் வண்டி கட்டி என்ன மிஷன் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனாரு. நெல்லிக்கா அளவு இருக்கச்சொல்லவே போயிட்டேன். எங்க பெரியக்காவுக்குத் தேங்கா அளவு ஆனப்பறம் போனாங்க. நான் அத்த பாத்தவ, விடுவனா? ஊருல கர்ப்பப்பைன்னு சொல்லிட்டோம்."

"ஏன் நைனா மறச்ச?"

கிருஷ்ணப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். "வூட்டுல ரெண்டு பொண்ணு. பெரியம்மாவுக்கு இருந்துது, அம்மாவுக்கு இருந்துது, சின்னம்மாவுக்கும் இருக்குதுன்னா உன்ன எவன் கட்டினுருப்பான்? அதான் செத்தவங்க நோவுக்கு வேற பேரு வெச்சோம். பொழச்சவள சொல்லவே இல்ல." மருமகன் பக்கம் திரும்பினார். "மாப்ள, உங்க கைலயும் மறச்சது தப்புதான்."

கோவர்த்தனன் தன் இலையை மூடினான். பிறகு, "முன்னாடியே சொல்லியிருந்தா மூணு வாரம் வீணாயிருக்காது மாமா," என்றான்.

தாட்சாயணி இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்துப் பிரித்தாள். அவன் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினாள். மூன்றாவது வரி எழுதினாள். ரத்தினம்மா: பட்டது. பதினாறு வருஷம்.

"அய்ய, செத்தவங்களோட என்ன சேக்காத! இன்னும் கீறான்னு எழுதுடி."

இன்னும் இருக்கிறாள் என்று பக்கத்தில் எழுதினாள்.

"தை மாசம் கல்யாணம் முடியட்டும்மா," என்றார் கிருஷ்ணப்பா. கெஞ்சுகிற குரல். "நாலு மாசந்தான். இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா மாப்ள வூட்டுக்கு விஷயம் போயிடும்."

"போவட்டும். நானே சொல்றேன். இந்தக் கட்டி முகூர்த்தம் பாத்துக்கினு நிக்காது நைனா. ஒருத்திய காட்டினா போறேன்னு இவருக்கு வார்த்த குடுத்துட்டேன்." மொட்டைத் தலையைத் தடவினாள். "தலையும் ரெடியா கீது. இன்னும் இன்னா?"

பத்தாம் நாள் வேலூரில் சேர்ந்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் ஜெயகுமாரி விளக்கினார். கட்டி மட்டும் அல்ல. மார்பு முழுவதும், அடியில் உள்ள சதையும், அக்குளில் இருக்கிற நெறிக்கட்டிகளும் போகும்.

தாட்சாயணி புருஷன் பக்கம் திரும்பினாள். "நான் ஒரு கிராமம் குடுக்கறேன்றேன், இவங்க தாலுக்காவே கேக்கறாங்களே!"

டாக்டருக்கு விஷயம் விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. விளங்கிய பிறகு, நர்ஸ் வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்.

சுந்தரம்மாவுக்குப் பேசிய சம்பந்தம் போயிற்று. ஒன்றரை வருஷம் கழித்து, புத்தூரில் ஒரு வாத்தியார் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு கட்டிக்கொண்டார். வருஷத்துக்கு ஒரு தடவை அவளை வேலூருக்கு அழைத்துப் போய்க் காட்ட வேண்டும் என்பது தாட்சாயணி போட்ட நிபந்தனை. அவர் தவறவில்லை.

திருத்தணி மெட்ராசுக்குப் போயிற்று. தாட்சாயணிக்கு முடி வளர்ந்தது. ரத்தினம்மா இலவம்பஞ்சுப் பை இரண்டு தைத்துக் கொடுத்தாள். ஒன்றைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டபோது ஒரு குரங்கு தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக் கூரையில் ஏறிவிட்டது. தாட்சாயணி தெருவில் இறங்கி, "அது என்னுது, குடுடா!" என்று கத்தினாள். என்னது என்று தெரு முழுவதும் கேட்டது. மறைக்காமல் சொன்னாள். அந்த மாதமே எதிர் வீட்டு லட்சுமம்மா பின்வாசல் வழியாக வந்து, தனக்கும் ஒரு கட்டி இருக்கிறது, உடன் வேலூர் வர முடியுமா என்று கேட்டாள். போய் வந்தார்கள். சாதாரணக் கட்டி. லட்சுமம்மா இரண்டு படி கடலை கொடுத்தாள்.

இப்படி ஐந்து வருஷம். 1964 கோடையில் முதுகு வலித்தது. எலும்புக்கு வந்துவிட்டது என்றார் டாக்டர் ஜெயகுமாரி. இனி வெட்டி எடுக்க ஒன்றும் இல்லை. தாட்சாயணி அந்தப் பழைய தாளை எடுத்து வரச் சொன்னாள். தன் பெயரைத் தானே எழுதினாள். பட்டது. ஐந்து வருஷம். "அம்மாவ தாண்டிட்டேன்," என்றாள்.

ஐப்பசியில் ஒரு நாள் ரத்தினம்மா பார்க்க வந்தாள். மத்தியானம் முழுவதும் இருவரும் அந்தப் போலீஸ்காரர் சண்டையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நாலு மணிக்குக் கோவர்த்தனன் சின்னம்மாவை பஸ் ஏற்றக் கிளம்பினான். கூட்டம். மூன்று பஸ்ஸை விட்டான். நான்காவதில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்காரவைத்தான். வீடு திரும்பியபோது தாட்சாயணி தூங்கிக்கொண்டிருந்தாள். மறுபடி எழவில்லை.

அன்று நாலு மணிக்கு அவன் செருப்பை மாட்டும்போது கட்டிலிலிருந்து கூப்பிட்டிருந்தாள். கடைசியாகச் சொன்னது அதுதான்.

"ஒக்கார எடம் இருக்கற பஸ்சா பாத்து ஏத்துங்க. நின்னுக்கினு போனா கம்பிய புடிக்க அவளுக்குக் கை எழும்பாது. கேட்டா எழும்பும்னு சொல்லுவா. நம்பாதீங்க."