எல்லாருக்கும் பொருந்துகிற மலை

அண்ணாவின் குரற்பதிவு வந்தபோது சிவரூபி முற்றத்தில் பரப்பியிருந்த அவித்த நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். போனைக் காதில் வைத்தபடியே நடந்தாள்.

"ரூபி, ஒரு உதவி. பெப்ரவரிப் பள்ளிக்கூட லீவுக்கு மலைக்கு ஸ்கீ விளையாடப் போறம். எந்த மலையெண்டு வீட்டில ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுக்கினம். ரூபி மாமி சயன்ஸ் படிச்சவா, மாமி பாத்துச் சொன்னால் சண்டை பிடிக்கமாட்டமெண்டு பிள்ளையள் சொல்லுதுகள். ஸ்கந்தபுரத்தில இருந்து சுவிஸ் மலைக்குத் தீர்ப்புச் சொல்லப்போற முதல் ஆள் நீதான்."

அண்ணா செந்தூரன் சிரித்துவிட்டுத் திகதிகளைச் சொன்னான். அவள் நெல்லின் நடுவே நின்றுவிட்டாள். அந்தக் கிழமைக்குள்தான் தை அமாவாசை வந்தது.

அப்பா செல்வராசா யுத்தத்தின் கடைசி நாட்களில் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடையப் போனவர். விசாரித்துவிட்டு விடுவார்களாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, வழக்கம்போலத் தோளைச் சற்று முன்னால் சாய்த்தபடி பஸ்ஸில் ஏறினார். அண்ணா அப்போதே சுவிஸில் இருந்தான். அதன்பின் அவரைத் தேடி அம்மா விமலேஸ்வரி போகாத முகாம் இல்லை, காணாமற்போனோருக்காக இருக்காத போராட்டக் கொட்டில் இல்லை. சொந்தக்காரர் யாராவது திவசம் என்று வாயெடுத்தால் எழுந்து குசினிக்குள் போய்விடுவார். இந்த முறை கார்த்திகை விளக்கீட்டுக்கு மறுநாள், யாரும் கேட்காமல், ஐயரைப் பார்த்துவிட்டு வந்து கதிரையில் இருந்தார். "தர்ப்பையில உருவம் செய்து கொள்ளி வைக்கலாமாம். தை அமாவாசைக்குச் செய்வம். மகன் வந்தால்," என்றார். அண்ணாவுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டதற்குத் தலையாட்டி மறுத்தார். "கொள்ளி வைக்க வா எண்டு பெத்த பிள்ளைக்குச் சொல்லுறதோ? இந்த லீவுக்கு வாறனெண்டு சொன்னவன்தானே. அவனா வரட்டும்."

சிவரூபி விறாந்தையில் மடிக்கணினியைத் திறந்தாள். பௌதிகத்தில் பட்டம் எடுத்து, வேலைக்குக் காத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு ரியூசன் சொல்லிக்கொடுக்கிறவள். பனிமலையைப் படத்தில்தான் கண்டிருக்கிறாள். ஆனால் வரைபடம் வாசிக்கத் தெரியும். சறுக்குப் பாதைகளுக்கு நிறம் இருந்தது. நீலம் இலகு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு செங்குத்து. அண்ணாவின் பெரியவனுக்குக் கறுப்பு வேண்டும், நீலப் பாதையைக் கண்டால் கொட்டாவி விடுவான். சின்னவள் போன வருடம் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவள். அவளுக்கு மெல்லச் சரிகிற அகன்ற வெளியும், பொறுமையான வாத்தியாரும் வேண்டும். தாட்சாயினி அண்ணிக்குச் சறுக்கவே விருப்பமில்லை. நடக்க ஒரு பாதை, வெந்நீர்த் தடாகம், வெயில் படுகிற இருக்கை இருந்தால் போதும். நிபுணருக்கு நல்ல மலை பழகுகிறவர்களுக்குப் பயங்காட்டியது. பழகுகிறவர்களுக்கு நல்லது அண்ணியைச் சும்மா குந்தவைத்தது. தேடித்தேடி இரண்டு இடங்களுக்கு வந்து சேர்ந்தாள். இரண்டிலும் எல்லாம் இருந்தன. ஒன்று உயரத்தில், மற்றது தாழ்வில்.

தாழ்வான ஊரின் படங்கள் அழகாக இருந்தன. ஆனால் அங்கே அண்மைய வருடங்களில் பனிக்குப் பதிலாக மழை பெய்ததாகப் போனவர்கள் எழுதியிருந்தார்கள். பாதைகளை மூடினால் முழுக்காசும் திரும்ப வருமாம். அவளுடைய விரல் நின்றது. அந்த ஊரைச் சொன்னால், பனி விழாவிட்டால், பயணம் குழம்பினால், ஒருவேளை அண்ணா இங்கே வருவான். அம்மாவும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை, வானம் கேட்டதாக இருக்கும். ஊரின் பெயரைத் தட்டச்சுச் செய்தாள். அனுப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பகலில் உருகுகிற பனி இரவில் திரும்ப உறைந்தால் கண்ணாடிபோல் இறுகிவிடும். அதில் சின்னவள் கையை ஊன்றி விழுவாள். எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்துவிட்டு அண்ணாவுக்கு அழைப்பு எடுத்தாள்.

"மூண்டு பேருக்கும் சரிவாற இடம் ஒண்டு கிடக்கு அண்ணா. உங்களுக்கு எப்பிடி வேணும்?"

"எனக்கென்ன? நான் அதைக் காலில கொழுவினதே இல்லை. கோப்பிக்கடையில இருந்து எல்லாற்ர ஜாக்கெட்டுக்கும் காவலிருப்பன்."

"பிறகேன் அந்தக் கிழமை போறியள்?"

அப்படிக் கேட்பாள் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. மறுமுனையில் ஒரு கதவு சாத்தப்பட்டது.

"ஐயர் எனக்குப் போன் எடுத்தவர், ரூபி. அம்மாவுக்குச் சொல்லிப்போடாத. அமாவாசை எண்டைக்கெண்டு தெரிஞ்சுதான் நான் அந்தக் கிழமை மலைக்குப் போக லீவு எடுத்தனான்."

அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"இஞ்ச ஆரும் அப்பா எங்கயெண்டு கேட்டால், தெரியாதெண்டு சொல்லுறன். அந்த ஒரு சொல்லுத்தான் என்னட்டை மிச்சம். கொள்ளி வைச்சால் அதுவும் போயிடும்."

"அம்மாவுக்குக் களைச்சுப் போச்சு, அண்ணா."

"தெரியும்," என்றான். "இடத்தின்ர பேரை அனுப்பிவிடு."

உயரத்தில் இருந்த ஊரின் பெயரை அனுப்பினாள்.

அம்மா முற்றத்தில் நெல்லைக் குவித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "என்னவாம் அவன்?" என்றார். பிள்ளைகளோடு பனிமலைக்குப் போகிறார்களாம் என்றாள் சிவரூபி. எந்தக் கிழமை என்று அம்மா கேட்டார். சொன்னாள். அம்மாவின் கை நெல்லில் அப்படியே கிடந்தது. பிறகு சுளகை எடுத்து மிச்சத்தை வாரினார்.

"பிள்ளையள் ஆசைப்பட்டால் கூட்டிக்கொண்டு போகத்தானே வேணும். அது எப்பிடி இடம்? குளிரோ?"

விளங்கப்படுத்தத் தெரியாமல் சிவரூபி மடிக்கணினியைத் தூக்கிவந்து காட்டினாள். அந்த ஊரில் ஒரு கமெரா மலைச்சரிவை நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தது. அங்கே இப்போதுதான் மதியமாகிறது. வெள்ளை வெளியின் உச்சியில் புள்ளிகள் தோன்றி, இறங்க இறங்க ஆட்களாகி, கமெராவுக்குக் கீழே மறைந்தன. அம்மா கையைச் சேலையில் துடைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கதிரையை நெருக்கி இழுத்தார். ஒருவர் அருகில் வந்து நின்று முகமூடியைக் கழற்றினார். ஒரு பொடியன். அம்மாவின் பார்வை அடுத்தவருக்குப் போனது.

"கொஞ்சம் பெருப்பிச்சுக் காட்டு."

"அண்ணாக்கள் அடுத்த மாதம்தான் அம்மா போகினம். இது வேற ஆக்கள்."

"தெரியும்," என்றார் அம்மா. கண்ணை எடுக்கவில்லை.

உச்சியில் இன்னொருவர் தோன்றினார். மற்றவர்களைப்போல வேகமாக இல்லை. உயரமான, வயதான ஆள், தோளைச் சற்று முன்னால் சாய்த்தபடி, சரிவின் ஓரத்தால் தனியே இறங்கிவந்தார். முகம் இன்னும் தெரியவில்லை. அம்மா திரைக்குக் கிட்டக் குனிந்தார்.