எட்டு மூன்றும் ஓர் ஒன்றும்

அந்தப் பத்திரிகையில் ஞாயிறுதோறும் கணக்குப் புதிர் எழுதுகிறவருக்கு எண்புலி என்று பெயர். பட்டம் கொடுத்தது யாரென்று கேட்டால் சிரித்து மழுப்புவார். வேறு யார், அவரேதான்.

போன வாரம் புலி எழுதியது இது: 31, 331, 3331 என்று மூன்றுகளை எத்தனை வேண்டுமானாலும் அடுக்கிக் கடைசியில் ஒன்றை வையுங்கள்; வருவது எப்போதும் பகா எண்தான், தன்னையும் ஒன்றையும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாது. ஏழு மூன்றுகள் வரை யாரோ சரிபார்த்த அட்டவணை அவரிடம் இருந்தது. அதற்கு மேல் பார்ப்பானேன்! ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று விட்டுவிட்டார்.

பிழை திருத்தும் வேலைக்கு வந்து இரண்டே மாதமான பெண், ப்ரூஃப் தாளின் ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தாள்: "எட்டு மூன்று வைத்தாலும் சரிதானா?"

புலி தாளைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் நடுவே போய் நின்றார்.

"ஏம்மா, கொல்லன் தெருவுல ஊசி விக்க வந்தியா? உன் வேலை கமா, புள்ளி பாக்குறது. அதைப் பாரு, போதும்."

பதினைந்து பேர் பார்த்தார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். அதோடு விட்டாரா மனுஷன்? நேரே ஆசிரியர் அறைக்குப் போய், "என் எழுத்துல கை வைக்கிறா. அவ இருந்தா நான் எழுத மாட்டேன்," என்றார். திங்கட்கிழமையோடு அவளை நிறுத்திவிடுவதென்று முடிவாயிற்று. புதிரும் ஞாயிறன்று அப்படியே அச்சாகிவிட்டது.

திங்கள் காலை, போகிறவளை வாயடைத்து அனுப்ப வேண்டும் என்ற ஆசையில்தான் புலி பேனாவை எடுத்து 333333331 என்று எழுதினார். ஏழால் வகுத்தார், போகவில்லை. பதினொன்று, பதின்மூன்று, ம்ஹூம். பதினேழால் வகுத்தார். மீதி வரவில்லை. பெருக்கிப் பார்த்தார், மறுபடி வகுத்தார். வரவேயில்லை. மொத்தமே ஐந்து நிமிட வேலை. இத்தனை வருஷம் மார்தட்டிக்கொண்டவருக்கு அந்த ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை. காது மடல்வரை சூடேறியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது.

ஆசிரியர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். "யானைக்கே அடி சறுக்குது, நீங்க புலிதானே, விடுங்க," என்று ஆசிரியர் சிரித்தார். அவளை வரவழைத்து, வேலையில் இருக்கலாம், போக வேண்டாம் என்றார்.

"தப்பு என் மேலதாம்மா. மனசுல வச்சுக்காத," என்றார் புலி, தரையைப் பார்த்தபடி.

"திட்டினது கூடத்துல, சார்," என்றாள் அவள். "மன்னிப்பு மட்டும் கதவைச் சாத்திட்டா?"

புலி கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்குப் போனார். பக்கப் பட்டியல் எழுதும் வெள்ளைப் பலகையில் ஒரு மூலையை அழித்து அந்த எண்ணை எழுதினார்.

"அன்னிக்கு இந்தப் பொண்ணு கேட்டதுதான் சரி. பாக்காமலே எழுதினது நான், கத்தினதும் நான். இது பதினேழால வகுபடும், பாருங்க."

பதினைந்து பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். புலி வகுத்து, ஈவை ஒன்று, ஒன்பது, ஆறு, ஏழு என்று எழுதிக்கொண்டே போனார்.

அவள் எழுந்து பலகையருகே வந்தாள்.

"ஆறுக்கு அப்புறம் ஒரு சைபர் விட்டுட்டீங்க, சார்," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.