மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த சூப்

செவ்வாய்க்கிழமை, பதினோராம் தேதி

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். ஸ்டவ்வைத் துடைக்கும்போது துணி பின்பக்க அடுப்பின் திருகில் மாட்டி அதை லேசாகத் திருப்பிவிட்டது. நான் கவனிக்கவில்லை. துணியை அலசிக் காயப்போடப் பால்கனிக்குப் போய்விட்டேன்.

'சின்ன' என்ற சொல்லை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம், இருக்கட்டும். தவறு சின்னதுதான். அதனால் தெரியவந்ததுதான் பெரியது.

முதலிலிருந்து எழுதுகிறேன். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். வாரத்தில் இரண்டு மாலை சமையல் வகுப்புக்குப் போகிறேன். போன வகுப்பில் தாய்லாந்து பாணியில் கோழி நூடுல்ஸ் சூப் வைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். எலுமிச்சைச் சாற்றைக் கடைசியில்தான் விட வேண்டும் என்று ஆசிரியை சொன்னது காதில் விழுந்தும், நான் கொதிக்கும்போதே ஊற்றிவிட்டேன். கசந்துபோனது. அவர் ஒரு கரண்டி குடித்துவிட்டு, "மருந்துன்னு சொல்லிக் குடுத்தா குடிச்சிடலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வீட்டில் மறுபடி வைத்து, சாப்பிட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டு வர வேண்டும் என்பது வீட்டுப்பாடம்.

அதனால் இன்று எல்லாவற்றையும் நறுக்கி, நிறுத்து, கிண்ணம் கிண்ணமாக வரிசையில் வைத்தேன். அண்ணி எட்டிப் பார்த்து, "என்ன தராசு, ஆபரேஷனா?" என்றார். உப்பைக்கூட நிறுத்துப் போடுவதால் அண்ணி எனக்கு வைத்த பெயர் தராசு. அண்ணனும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அண்ணன் கேஸ் கம்பெனியின் அவசரப் பிரிவில் வேலை செய்கிறார். எங்காவது கேஸ் கசிகிறது என்று போன் வந்தால் ஓடும் வண்டியில் முதலில் இறங்குபவர் அவர்தான். அங்கே அவருக்கு மூக்கர் என்று பெயர். மாடிப்படி ஏறும்போதே எந்த வீட்டில் கசிவு என்று சொல்லிவிடுவாராம். நாளை முதல் காலை முறை வேலைக்கு அவரே பொறுப்பாளர். அதற்காக ஒரு புதுச் சட்டையை அண்ணி தேய்த்து மாட்டிவைத்திருக்கிறார்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. அண்ணன் இருக்கும் நேரத்தில், அவர் வந்து அடுப்பின் மேல் குனிந்து முகர்ந்து பார்த்து "பத்த வை" என்று சொன்ன பிறகே யாரும் அடுப்பைப் பற்றவைக்கலாம். "துரை வந்து உத்தரவு குடுத்தாத்தான் இங்க தண்ணியே கொதிக்கும்" என்று அண்ணி சலித்துக்கொள்வார். ஆனால் ஒருநாளும் மீறியதில்லை.

நான் பால்கனியிலிருந்து திரும்பியபோது அண்ணன் அடுப்பின் மேல் குனிந்திருந்தார். கையில் லைட்டர். மூச்சை ஆழமாக இழுத்தார்.

"சரியா இருக்கு. நானே பத்த வச்சிடறேன்" என்றார்.

எனக்கு நாற்றம் அடித்தது.

முதலில் என் மூக்கைத்தான் சந்தேகப்பட்டேன். மீன் சாஸ் பாட்டில் திறந்திருந்தது. அதன் நாற்றமும் லேசுப்பட்டதல்ல. தவிர, மூக்கரே சரி என்று சொன்ன பிறகு லென்ஸ் தேய்க்கிறவள் என்ன சொல்வது? இதையெல்லாம் நான் அங்கே நின்றுகொண்டு யோசித்தேன். அதற்குள் கூடத்திலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"ஏங்க, என்னங்க பண்றீங்க அங்க? கேஸ் நாத்தம் குடலைப் புடுங்குது!"

நான் பாய்ந்து அண்ணன் கையிலிருந்த லைட்டரைப் பிடுங்கினேன்.

அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் கச்சிதம். ஒவ்வொரு திருகாகத் தொட்டுப் பார்த்துப் பின்பக்கத் திருகை மூடினார். ஜன்னலையும் வாசற்கதவையும் திறந்தார். "சுவிட்ச் எதையும் தொடாதீங்க. வெளிய போங்க" என்றார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. முகம் மட்டும் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

மூன்று பேரும் மாடிப்படியில் போய் உட்கார்ந்தோம்.

"உங்களுக்கு வரலையா?" என்றார் அண்ணி.

"என்னது?"

"நாத்தம்."

மேல்வீட்டுக்காரர் நாயைப் பிடித்துக்கொண்டு எங்களைத் தாண்டி இறங்கினார். அவர் தெருவுக்குப் போகும்வரை அண்ணன் வாயைத் திறக்கவில்லை. பிறகு எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மழையில நனைஞ்சு எனக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சே. அதுலேர்ந்து ஒண்ணும் தெரியல."

"ஒண்ணும்னா?"

"ஒண்ணும்னா ஒண்ணும்தான். சோப்பு, டீசல், சாக்கடை, எதுவும். டாக்டரைப் பாத்தேன். வந்தாலும் வரும், வராமலும் போகும்னார்."

அண்ணி விரலை மடக்கி எதையோ கணக்குப் போட்டார்.

"அப்ப என் சமையலைப் பிரமாதம் பிரமாதம்னு சொன்னீங்களே, அது?"

அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன் திடீர்னு பாராட்டறப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். நான் என்னடான்னா, என் புருஷன் திருந்திட்டார்னு அக்கம்பக்கத்துல எல்லாம் பீத்திக்கிட்டிருந்தேன்!"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தேன். அண்ணன்தான் முதலில் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வேலையில எப்படிண்ணா சமாளிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"கேஸை அளக்கற மீட்டர் இருக்கில்ல. அதுபோக இணைப்புக்கு இணைப்பு சோப்புத் தண்ணி பூசிப் பாக்கறேன். நுரைச்சா கசிவு. முந்தியைவிட இப்பதான் ரொம்ப கவனமா இருக்கேன்."

"கதவுக்கு வெளிய நிக்கறப்ப?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தராசு என்று என்னைக் கூப்பிட்டதற்கு முதல்முறையாக வருத்தப்பட்டிருப்பார் என்று தோன்றியது.

"மீட்டரைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி மூக்குதான்" என்றார். "உள்ள போலாமா, கட்டடத்தையே காலி பண்ணணுமான்னு வாசல்ல நின்னு ஒருத்தன் சொல்லணும். நாளைலேர்ந்து அந்த ஒருத்தன் நான். நான் சொன்னா மத்தவங்க கேள்வி கேக்காம உள்ள போயிடுவாங்க."

"அப்ப ஆபீஸ்ல சொல்லிடுங்க" என்றார் அண்ணி.

"சொன்னா? கிடங்குல கொண்டுபோய் ஒக்கார வச்சிடுவாங்க. மூக்கர்னு பேர் வாங்கினவன் ஒரு மூலையில ஒக்காந்து நட்டும் போல்ட்டும் எண்ணணும்."

"எண்ணுங்க. உசுரோட ஒக்காந்து எண்ணுங்க."

அண்ணன் எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டார். "கேஸ் எல்லாம் போயிருக்கும். பசிக்குது. அந்தச் சூப்பை வை, தராசு." பேச்சு அவ்வளவுதான். பிடிக்காத பேச்சை அவர் எப்போதும் இப்படித்தான் முடிப்பார்.

இன்று அண்ணிதான் அடுப்பின் மேல் குனிந்து முகர்ந்தார். இரண்டு முறை முகர்ந்தார். "பத்த வை" என்று அவர் சொன்னபோது அண்ணன் கூடத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

சூப் வைத்த விதத்தை வகுப்புக்காக எழுத வேண்டும். துளி எண்ணெயில் பூண்டும் இஞ்சியும் நசுக்கிப் போட்டேன். சிவப்பு மிளகாய் விழுதைச் சேர்த்து எண்ணெய் பிரியும்வரை கிளறினேன். பிறகு எலுமிச்சைப் புல். பார்ப்பதற்கு அது காய்ந்த குச்சி. கத்தியின் முதுகால் ஒரு தட்டுத் தட்டினேன். உடனே அதற்குள்ளிருந்து பச்சையாக, குளிர்ச்சியாக ஒரு வாசம் புறப்பட்டு வந்தது. எலுமிச்சைப் பழத்துக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. ஒன்று மரத்தில் காய்க்கிறது, இன்னொன்று தரையில் முளைக்கிறது. இருந்தும் இரண்டும் ஒரே சொல்லைச் சொல்கின்றன. எப்படி என்று யோசித்துக் கத்தியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

கோழி எலும்பு வேகவைத்த தண்ணீரை ஊற்றி, தொடைக்கறித் துண்டுகளைப் போட்டேன். எலுமிச்சை இலைகளின் நடு நரம்பை உருவிவிட்டுக் கிழித்துச் சேர்த்தேன். கறி வெந்ததும் தீயைக் குறைத்துத் தேங்காய்ப்பால். அது திரியாமல் பரவியது. வெள்ளையின் மேல் மிளகாய் எண்ணெய் சிவப்புப் பொட்டுகளாக மிதந்தது. மீன் சாஸ், கொஞ்சம் சர்க்கரை. இன்னொரு பாத்திரத்தில் வெந்நீரில் ஊறிய அரிசி நூடுல்ஸ், விறைப்பாக இருந்தது நெகிழ்ந்து கண்ணாடி போலத் தெளிந்தது. அடுப்பை அணைத்து, கொதி அடங்கியதை இரண்டு தரம் உறுதிசெய்துகொண்டு, எலுமிச்சைச் சாற்றை விட்டேன். நுனி நாக்கில் வைத்துப் பார்த்தேன். கசக்கவில்லை.

அதற்குள் வாசம் சமையலறையைத் தாண்டிக் கூடத்துக்குப் போய்விட்டது. மேல்வீட்டு நாய் திரும்பி வரும் வழியில் எங்கள் கதவடியில் நின்று உறுமி, நகர மறுத்தது. இவ்வளவு பெரிய ஒன்று வீடு முழுக்க நிறைந்து நிற்கிறது. அதன் நட்டநடுவில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். அவரை மட்டும் அது தொடவில்லை.

கிண்ணங்களில் நூடுல்ஸை வைத்து, மேலே சூப்பை ஊற்றி, கொத்தமல்லித் தழை தூவி எடுத்துக்கொண்டு போனேன்.

"என்ன தோணுதோ அப்படியே சொல்லுங்கண்ணா. நான் எழுதிட்டுப் போகணும்."

"பிரமாதம்னு மட்டும் சொல்லிப் பாருங்க" என்றார் அண்ணி.

அண்ணன் ஒரு கரண்டி குடித்தார். இன்னொரு கரண்டி குடித்துவிட்டுக் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இங்க புளிப்பு. நாக்கு ஓரத்துல வந்து கடிக்குது. அப்புறம் உப்பு. இனிப்பு கடைசியில மெதுவா வருது, வந்ததே தெரியாம. காரம்..." நிறுத்தினார். கரண்டி பாதியில் நின்றது. "இரு. மூக்குல ஏறுது."

"வாசம் வருதா?" அண்ணி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"இல்ல, வாசம் இல்ல. மிளகாய் எரிச்சல்தான். ஆனா உள்ள போய் ஏதோ ஒண்ணு கதவைத் தட்டுது." அவர் மூக்கிலிருந்து நீர் வழிந்தது. துடைக்காமல் குடித்தார். "இத்தனை நாளா எதைத் தின்னாலும் ஈரத்துணியை மெல்ற மாதிரி இருந்துச்சு. இதுல ஒவ்வொண்ணும் தனியா வந்து நிக்குது. நூடுல்ஸ் வழுக்கறது, தழை நறுக்குன்னு கடிபடறது, எல்லாம் தெரியுது."

நான் அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டேன். ஆனால் எழுதியது எனக்கே புரியவில்லை. என் வாயில் புளிப்பு, உப்பு என்று பிரியவில்லை. எல்லாம் சேர்ந்து ஒரே சூப்பாக இருந்தது. சரிபார்க்காமல் எழுதிக்கொண்டு போவது எனக்குப் பிடிக்காது. மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு கரண்டி குடித்தேன்.

சூப் காணாமல் போய்விட்டது.

புளிப்பு இருந்தது. உப்பு இருந்தது. சுட்டது, எரிந்தது, வழுக்கியது. புல் இல்லை. இலை இல்லை. கோழிகூட இல்லை, மெத்தென்ற நார் மட்டும்தான். நான் நிறுத்து நிறுத்து வைத்த கிண்ணங்களில் பாதிக்கு மேல் எங்கே போயின என்று தெரியவில்லை. அண்ணன் சொன்ன ஒவ்வொன்றும், அவர் சொன்ன வரிசையிலேயே, தனித்தனியாக வந்து நின்றது.

அண்ணியும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். மென்றார். அப்படியே அண்ணனைப் பார்த்தார்.

"இதைத்தான் சாப்பிட்டீங்களா, இவ்வளவு நாளா?" மூக்கடைத்த குரலில் அது வேடிக்கையாக ஒலித்தது. யாரும் சிரிக்கவில்லை.

நான் கையை எடுத்தேன். அப்போது நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வாசம் கிண்ணத்திலிருந்து வரவில்லை. எனக்குள்ளிருந்தே, தொண்டையின் பின்னாலிருந்து, ஒரே மூச்சில் மேலே ஏறியது. புல், இலை, இஞ்சி, தேங்காய்ப்பால், கோழி, எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக எழுந்து மறுபடி ஒரே சூப்பாகக் கூடிவிட்டன. விழுங்கிய பிறகும் அடுத்த மூச்சில் இன்னொரு தரம் வந்தது. உடம்பு சிலிர்த்தது. மறுபடி பிடித்தேன், போயிற்று. விட்டேன், வந்தது. மூன்றாம் தரமும் அப்படியே. இத்தனை வருடம் மூன்று வேளையும் இது எனக்கு நடந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது.

"ரெண்டு பேரும் கிணத்துல குதிக்கப் போற மாதிரி இருக்கு" என்றார் அண்ணன்.

நான் விட்டுவிட்டேன். அண்ணி விடவில்லை. மூக்கைப் பிடித்தபடியே அடுத்த கரண்டி, அதற்கடுத்த கரண்டி என்று குடித்துக்கொண்டிருந்தார். விரல் வலித்தபோது கையை மாற்றிக்கொண்டார். வாயால் மூச்சு விட்டார். கண்ணில் நீர் வந்தது, மிளகாயோ என்னவோ. அண்ணன் தன் கரண்டியை வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும், விடு."

"இன்னும் முடிக்கல. பாதி இருக்கு."

"மூச்சு முட்டப் போகுது உனக்கு."

"உங்களுக்கு முட்டலையா?"

அண்ணி கடைசி நூடுல்ஸ்வரை அப்படியே சாப்பிட்டு முடித்தார்.

"நாளைக்குச் சொல்லிடறேன்" என்றார் அண்ணன்.

"யார்கிட்ட?"

"சூப்பர்வைசர்கிட்ட. முறை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே. என்னை நம்பி யாரும் உள்ள போக வேண்டாம்."

அண்ணி கையை எடுத்தார். மூக்கு செக்கச்செவேலென்று சிவந்திருந்தது.

பாத்திரம் கழுவும்போது அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். "நீயும் கூட வா, தராசு. பாதியில நான் பேச்சை மாத்திடுவேன்" என்றார். எந்தப் பேச்சை என்று நான் கேட்கவில்லை. சரி என்றேன். அவர் சூப்பர்வைசரிடம் பேசும்போது நான் நிற்பது சரியா, வெளியாளை உள்ளே விடுவார்களா என்றெல்லாம் எனக்குத் தெரியாது. விடாவிட்டால் வாசலில் நிற்பேன்.

நாளை: காலை முறை தொடங்கும் முன் அண்ணனுடன் கேஸ் கம்பெனிக்குப் போக வேண்டும். அவர் முழுவதும் சொல்லி முடிக்கும்வரை உடன் இருக்க வேண்டும். தாமதமாக வருவேன் என்று கடைக்கு போன் செய்ய வேண்டும்.