லாரியில் போன பல்செட்டு

பெனாசிரின் மகள் ஆசியாவுக்குப் பதினோரு மாதம் ஆகியும் தவழவில்லை. தவழ வேண்டும் என்ற ஆசை இருப்பதாகவும் தெரியவில்லை. பாயில் உட்கார வைத்தால் பஞ்சாயத்துக்கு வந்த பெரிய மனுஷி மாதிரி அசையாமல் இருப்பாள். வேண்டியதற்குக் கை நீட்டுவாள். கொடுத்தால் வாங்கிய வேகத்தில் கீழே போடுவாள். எட்டிப் பார்ப்பாள். அப்புறம் வயிறு குலுங்கச் சிரிப்பாள்.

ஸ்பூன், வெங்காயம், டிவி ரிமோட், ஒரு நாள் முழு இட்லி. எல்லாம் போய்ச் சேர்வது தரைக்கு.

நாத்தனார் ஹாஃபிஸாவின் மகன் இவளுக்கு இளையவன். அவன் சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்துவிட்டான். ஹாஃபிஸா போன் பண்ணும்போதெல்லாம், "இன்னும் தவளலையா?" என்று இழுப்பாள். பெனாசிருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

கடைசியில் குழந்தை டாக்டர் சுகிர்தாவிடம் தூக்கிக்கொண்டு போனாள். டாக்டர் ஆசியாவின் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். கிலுகிலுப்பையைக் கொடுத்தார். அது உடனே தரையில் விழுந்தது.

"பிள்ளை நல்லாத்தான் இருக்கா. கீழ போடுறது சேட்டை இல்லம்மா. ஸ்பூனு விழுந்துச்சே, இட்லியும் விழுமான்னு சோதிச்சுப் பாக்குறா. எல்லாத்தையும் நீங்களே எடுத்துக் கையில கொடுத்தா அவ எதுக்கு நகருவா? போகணும்னு அவளுக்கே தோணட்டும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் பெண் பார்க்கும் சோலி. பெனாசிரின் கணவன் சாபிருக்கு ஒரு தம்பி, ஆசிக். அவனுக்குத்தான் பெண். போய்ப் பேச வேண்டியவர் சாபிரின் அத்தா, அதாவது பெனாசிரின் மாமனார், அசன் முகம்மது. சபையில் அவர் பேசினால் எடுபடும். ஆனால் பல்செட்டு மாட்டியிருக்க வேண்டும். மாட்டாவிட்டால் அவர் சொல்வது யாருக்கும் விளங்காது.

சிவகாசியில் அவர்கள் வீடு மாடியில். கீழே ஒரு அச்சகம். அன்று காலை வாசலில் ஒரு சின்ன லாரி நின்றது. பட்டாசு லேபிள் வெட்டியதில் மிஞ்சிய காகிதத் துண்டுகளை அதில் மலை மாதிரி குவித்திருந்தார்கள். அசன் முகம்மது பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி வராந்தாவில் நின்றார். கழுவிய பல்செட்டு மறு கையில் இருந்தது. ஆசியா கை நீட்டினாள். அவர் யோசிக்கவே இல்லை, வழக்கப்படி கொடுத்துவிட்டார்.

கம்பி வழியாகப் பல்செட்டு போயிற்று. சத்தமே கேட்கவில்லை. ஆசியா எட்டிப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்தாள். லாரிக்காரர் வலையை இழுத்துக் கட்டி வண்டியை எடுத்தார்.

"ஏழே ஷாபிழு! எம் பழ்ழு! எம் பழ்ழு!"

சாபிர் உள்ளேயிருந்து, "பழம் வாங்கியாச்சு அத்தா, ரெண்டு சீப்பு!" என்றான்.

அவர் பேத்தியைத் தூக்கிக்கொண்டே உள்ளே ஓடிவந்து வாயைத் திறந்து காட்டினார். பொக்கை வாயைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

காரில் விரட்டினார்கள். சாபிர் ஹாரனை விடவே இல்லை. பெனாசிர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி முன்னால் போகிற லாரியையெல்லாம் பார்த்தாள். அசன் முகம்மது என்னென்னவோ திட்டினார், ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. பெனாசிருக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. மாமனார் முன்னால் சிரிக்கக் கூடாதென்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சாபிரின் தோளும் குலுங்குவதைப் பார்த்ததும் அடக்க முடியவில்லை.

ஆமத்தூர் டீக்கடையில் லாரி நின்றது. டிரைவர் சங்கிலிமுத்து கிளாசைக் கையில் பிடித்தபடி விழித்தார்.

"பல்லா? என் வண்டியிலயா? யாரைக் கடிச்சீக பாய்?"

விஷயம் தெரிந்ததும் அவரே வலையை அவிழ்த்தார். சாபிரும் அவரும் ஏறித் துழாவினார்கள். பெனாசிரும் ஏறி, ஆசியாவைக் காகிதக் குவியலில் தன் பக்கத்திலேயே உட்கார வைத்தாள். சுற்றிலும் அரை மயில், கால் ரோஜா, தலையில்லாத புலி என்று வண்ண வண்ணத் துண்டுகள்.

ஆசியாவுக்கு நாலு முழம் தள்ளி இளஞ்சிவப்பாக ஏதோ எட்டிப் பார்த்தது. அவள் கண்ணில்தான் முதலில் பட்டது. கை நீட்டினாள். அதற்குள் சங்கிலிமுத்து தள்ளிய காகிதம் சரிந்து அதை மூடிவிட்டது.

பொருளை மறைத்தால் அது உலகத்திலேயே இல்லை என்று விட்டுவிடுகிற பிள்ளை. இன்றைக்கு விடவில்லை. அந்த இடத்தையே முறைத்தாள். இரண்டு கையையும் ஊன்றினாள். பின்பக்கம் மேலே எழும்பியது. முன்னும் பின்னும் ஆடினாள். ஒரு முட்டி நகர்ந்தது. மறு முட்டி நகர்ந்தது.

"ஏங்க..." பெனாசிர் சாபிரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பல்லு கெடச்சிருச்சா?"

"பல்லு கெடக்கட்டும்! பிள்ளையப் பாருங்க!"

ஆசியா போய்க்கொண்டிருந்தாள். வழியில் மூக்குக் குப்புற விழுந்தாள், எழுந்தாள், மறுபடி போனாள். மயிலையும் புலியையும் வாரி எறிந்துவிட்டுப் பல்செட்டை இழுத்தாள். நேரே வாய்க்குக் கொண்டுபோய், தன் இரண்டு பல்லால் தாத்தாவின் மொத்தப் பல்லையும் கடித்தாள்.

சங்கிலிமுத்து விசிலடித்தார். சாபிர் லாரி மேலேயே குதித்தான். பெனாசிர் சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. கீழே நின்ற அசன் முகம்மது டீக்கடைக்காரரைப் பார்த்து, "எழ்ழாழுக்கும் டீ!" என்று கத்தினார். அது மட்டும் எல்லாருக்கும் விளங்கியது.

வெந்நீரில் கழுவிய பல்லோடு, தலையில் காகிதத் துண்டோடு, தாமதமாகப் பெண் வீட்டுக்குப் போனார்கள். ஆசியாவைக் கீழே விட்டதுதான் தாமதம், சோபாவுக்கு அடியில் நுழைந்தாள், மறுபக்கம் வந்தாள், அடுப்படிக்குள் மறைந்தாள். கொஞ்ச நேரத்தில் தவழ்ந்தபடி வெளியே வந்தாள். அவளைப் பிடிக்க, அலங்காரம் பாதியில் நிற்க, கல்யாணப் பெண்ணும் முட்டி போட்டு விரட்டிக்கொண்டு வந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கூடம் முழுக்க ஆட்கள். வெட்கத்தில் பிள்ளையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

அசன் முகம்மது பேச வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, "இனி என்னத்தப் பேச? எங்களுக்கு சம்மதம்" என்றார்.

சாப்பாட்டில் பெனாசிர் ஒரு வாய்க்கு ஒரு முறை எழுந்து ஓடினாள். பிரியாணி ஆறிப் போயிற்று.

"உக்காந்து சாப்பிடு தாயீ. உன் பிள்ளை எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டாள் பெண்ணின் அம்மா.

"அதை ஏன் கேக்கீக!" என்று பெனாசிர் அலுத்துக்கொண்டாள், முகமெல்லாம் மலர. "ஒரு எடத்துல இருக்க மாட்டா."