மேற்கே பார்த்துக் கையாட்டினவள்

முருகலட்சுமி மாடியில் நின்று மேற்கே பார்த்துக் கையாட்டியபோது மணி ஆறு நாற்பத்திரண்டு. நான் வேண்டுமென்று மணி பார்க்கவில்லை. என் தையல் மெஷினுக்கு எதிரே சுவர்க்கடிகாரம், கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே அவள் வீட்டு மொட்டை மாடி. வெளிச்சத்துக்காகத்தான் மெஷினை அங்கே போட்டேன். பொழுது சாய்ந்த பிறகு அங்கே என்ன வெளிச்சம் என்று கேட்காதீர்கள். இடது கையில் போனை வைத்துக்கொண்டு எதையோ கேட்டாள். சிரித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு பஸ் ஏறிப் போகிறவர்களுக்குக் காட்டுகிற மாதிரி கையை உயர்த்தி ஆட்டினாள். அவள் மகள் செத்து அன்றைக்கு நாற்பத்தோராம் நாள். சிரிப்புக்குத்தான் நான் மெஷினை நிறுத்தினேன்.

துர்காதேவி பதினொன்றாம் வகுப்பு படித்தாள். காய்ச்சல் என்று ஒரு புதன்கிழமை டவுனுக்குக் கூட்டிப்போனார்கள், சனிக்கிழமை பாளையம்பட்டிக்கு ஆம்புலன்சில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரே பிள்ளை. தெருவே அழுதது, நானும் அழுதேன். பதினாறு நாளும் மூன்று வேளை காப்பி போட்டுக்கொண்டு போய்க் கொடுத்தேன். கொடுத்த கையோடு யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை, யார் என்ன பேசினார்கள் என்பதையும் பார்த்துக்கொண்டு வந்தேன். காரியம் முடிந்ததும் அவள் புருஷன் காளிராஜ் நூல் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போய்விட்டார். வீட்டில் இருந்தால் பிள்ளையின் செருப்பு கண்ணில் படுகிறது என்றாராம். அவருக்கு லாரி இருந்தது. இவளுக்கு மாடி இருந்தது.

மறுநாள் ஏழு இருபத்தொன்பதுக்குக் கையாட்டினாள். அதற்கடுத்த நாள் ஆறு நாற்பதுக்கு. அளவு குறிக்கிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் நேரத்தையும் குறித்துக்கொண்டேன். ஐந்தாறு நாள் இப்படி நடந்து நின்றது. அப்புறம் ஒரு வாரம் கழித்து விடியற்காலை ஐந்து பத்துக்கு ஆரம்பித்தது. மாடிக்கு மேற்கே வீடு கிடையாது. காலி இடம், அதற்குப் பின்னால் சீமைக்கருவேலங்காடு, காட்டுக்குள் ஒரு ஒற்றையடிப்பாதை, அந்தப் பாதை போய் முட்டுகிற இடம் நூல் மில். எனக்குப் பொறி தட்டியது. என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷம் அந்த மில்லில்தான் இருந்தார். ஒரு வாரம் சாயங்காலம், ஒரு வாரம் விடிகாலை என்று அவர் போகவர இருந்த காலத்தில் நானும் என் வீட்டு மாடியில் நின்று மேற்கே பார்த்துக் கையாட்டியவள்தான். காட்டுக்குள்ளிருந்து சைக்கிள் மணி ஒரு தடவை அடிக்கும். ஷிப்டுக்காரனுக்குக் கையாட்டுகிறவளை இன்னொரு ஷிப்டுக்காரன் பெண்டாட்டிக்கு அடையாளம் தெரியாதா? தெரியும் என்றுதான் நினைத்தேன்.

மாரிக்கனியிடம் மட்டும்தான் சொன்னேன். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தவள், கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"மில்லுக்காரனா? ஏக்கா, பிள்ளை போயி ரெண்டு மாசங்கூட ஆகலையே."

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. கையாட்டுறா, சிரிக்கிறா. கண்ணுல பட்டதைச் சொன்னேன். நீ கையை இறக்கு, அளவு தப்பிப் போயிரும்."

"ஆளைப் பாத்தீகளா?"

"காட்டுக்குள்ள நிக்கவனை எங்கிட்டுப் பாக்க?"

மாரிக்கனி வீட்டுக்காரனும் லாரிதான். நாக்பூருக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு ஓட்டலில் காளிராஜும் அவனும் ஒரே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ரொட்டி தின்றிருக்கிறார்கள்.

ஐந்தாம் நாள் மதியம் காளிராஜ் வந்து இறங்கினார். குளிக்கவில்லை, சாப்பிடவில்லை. "எவன்டி அவன்?" என்ற சத்தம் என் மெஷின் வரைக்கும் கேட்டது. அவள் பதில் சொன்ன சத்தம் கேட்கவில்லை. ஒரு அறை விழுந்தது. பின்கட்டுக்கு வந்தவர் போனைத் துவைகல்லில் வைத்து, பக்கத்தில் கிடந்த செங்கல்லால் குத்தினார். ஒரு குத்தோடு விடவில்லை. நான் ஜன்னல் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, மீதிப் பாதியில் பார்த்தேன். அவள் தடுக்கவில்லை. அவர் உள்ளே போனபிறகு குத்தவைத்து உட்கார்ந்து, கல்லில் கிடந்த சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டாள். சோப்பு நுரையில் ஒட்டியிருந்த கண்ணாடித் தூளைக்கூட விரலால் வழித்து எடுத்தாள். ஒரு கள்ளத்தொடர்புக்காரி இப்படியா பொறுக்குவாள் என்று எனக்கே தோன்றியது. தோன்றினதை அன்றைக்கு நான் யாரிடமும் சொல்லவில்லை. அதை மட்டும் சொல்லவில்லை.

ரெண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். காளிராஜ் மறுபடியும் லோடுக்குப் போயிருந்தார். அவள் கன்னத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தேன்.

"மதினி, ஒங்க போன்ல யூடியூப் வருமா?"

"வரும். சமையல் பாப்பேன்."

"கொஞ்சம் தாங்க. இங்கனயே வச்சுப் பாத்துட்டுத் தாரேன்."

வாசற்படியில் உட்கார்ந்து, 'துர்காவின் வானம்' என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். படம் வந்தது. அதே மொட்டை மாடி, அதே தண்ணீர்த் தொட்டி. தொட்டிமேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, பள்ளிக்கூடச் சீருடையோடு அந்தப் பிள்ளை நின்றது. "வணக்கம், இன்னைக்கு வானத்துல வெள்ளியையும் வியாழனையும் எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு பாக்கப்போறோம்" என்றது. முப்பத்தாறு வீடியோ போட்டிருக்கிறது. எனக்குத் தெரியாமல் அந்த மாடியில் முப்பத்தாறு தடவை ஒரு காரியம் நடந்திருக்கிறது. "பேசுறது கேக்கும், எவகூடயோ போன்ல பேசுதுன்னு நெனச்சேன்" என்று சொல்ல வாயெடுத்தேன்.

முருகலட்சுமி வீடியோவைப் பார்க்கவில்லை. கீழே எழுதியிருந்ததைத் தேடினாள். பரளச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் முத்துராஜ் என்று ஒரு வாத்தியார், வெள்ளிக்கிழமைதோறும் இந்த வீடியோக்களைத் தன் வகுப்புக்குப் போட்டுக் காட்டுவாராம். பிள்ளைகள் கேட்கிற கேள்வியை அங்கே எழுதுவாராம், துர்கா பதில் எழுதுமாம். துர்கா செத்தது அவருக்குத் தெரியாது. காரியம் முடிந்த மறுநாள் மகள் போனில் கேள்வி வந்து விழுந்திருக்கிறது: நட்சத்திரம் மினுக்குகிறது, கிரகம் ஏன் மினுக்கவில்லை?

"அவ போயிட்டான்னு எழுதத்தான் எடுத்தேன், மதினி. கை வரல. அவ வீடியோவையே தேடிப் பாத்து, அவ எழுதுற மாதிரி பதிலை எழுதிட்டேன். 'சூப்பர் துர்கா'ன்னு வந்துச்சு."

அதற்குப் பிறகு இவளே படிக்க ஆரம்பித்திருக்கிறாள், எட்டாம் வகுப்போடு நின்றவள். எந்த இடத்தில் தமிழில் பாடம் கிடைக்கும், எந்த ஆப்பை வானத்துக்கு நேரே பிடித்தால் பேர் காட்டும் என்பதையெல்லாம் மகள் ஒவ்வொரு வீடியோவின் அடியிலும் எழுதி வைத்திருந்தது. ராகு கேது எங்கே இருக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டதற்கு மூன்று நாள் தேடினாளாம். "அது கிரகமே இல்லையாம். நிலாப் போற பாதையும் சூரியன் போற பாதையும் வெட்டிக்கிற ரெண்டு இடமாம். அங்கன ஒண்ணுமே இல்லையாம், மதினி. வெறும் இடம்."

"அப்ப அந்தக் கையாட்டுனது?" என்று கேட்டுவிட்டேன். பழக்கதோஷம்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எங்க மாடி ஒங்க ஜன்னலுக்கு மட்டுந்தான் தெரியும். வேற எந்த வீட்டுக்கும் தெரியாது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ராகு கேதுவைச் சொன்ன அதே குரல்.

அப்புறம் அவளே சொன்னாள். பூமியைச் சுற்றுகிற விண்வெளி நிலையம் ஒன்று நம் ஊருக்கு மேலே போகுமாம். பக்கத்து டவுனான அருப்புக்கோட்டை என்று போட்டால் எந்தத் தேதி, எத்தனை மணி என்று ஒரு வெப்சைட்டில் வருமாம். சில நாள் சாயங்காலம், சில நாள் விடிகாலை. துர்கா நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அந்த நேரங்களை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தது. பாதிப் பட்டியல் முடிவதற்குள் போய்விட்டது. மீதிப் பாதிக்குத்தான் இவள் மாடியேறினாள்.

"அவுககிட்ட இதைச் சொல்லிருக்கலாமே. அடி விழுந்துருக்காதே."

"செத்த பிள்ளை பேருல பதில் எழுதிக்கிட்டு இருந்தேன்னு சொன்னா, அடிக்கிறதை விட்டுட்டு அழுவாக. அதுக்கு இது தேவலை." சேலை ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டாள். "போன் கடையில கேட்டேன். அவ கணக்குக்குள்ள போகப் பாஸ்வேர்டு வேணுமாம். அது அவளுக்குத்தான தெரியும். பதில் எழுத முடியாட்டிப் போகுது. ஒரு வீடியோ இருந்துச்சு. காய்ச்சலுக்கு முந்துன நாள் எடுத்தது. அந்தப் போன்ல மட்டுந்தான் இருந்துச்சு, வெளியில போடலை. நானும் பாக்கலை."

"ஏன்?"

"பாத்துட்டா, அவ எங்கிட்டப் புதுசாச் சொல்றதுக்கு ஒண்ணுமே பாக்கி இருக்காதுல்ல. அதான் வச்சிருந்தேன்."

எனக்கு வாய் பேசித்தான் பழக்கம். அன்றைக்கும் பேசினேன். "அவ எங்கயும் போகலம்மா, மேல நட்சத்திரமாத்தான் இருக்கா."

"அப்படிச் சொல்லாதீக. மூணாவது வீடியோவுல, அப்படியெல்லாம் கெடையாதுன்னு அவளே சொல்லிட்டா. அது எரியுற வாயுவாம்."

விண்வெளி நிலையத்தைப் பற்றிய வீடியோவைத் திறந்தாள்; அதன் கீழே வாத்தியாரின் புதிய வரி இருந்தது. 'துர்கா, ரெண்டு வாரமாகப் பதில் இல்லையே, உடம்பு சரியில்லையா? பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.' பதில் எழுதுகிற கட்டத்தைத் தொட்டாள். அதில் துர்கா பேர் வரவில்லை. என் பேர் வந்தது, சந்தனம்மாள் என்று, பக்கத்தில் நான் வைத்திருந்த செம்பருத்திப் படத்தோடு. 'துர்கா' என்று தட்டினாள். அதற்கு மேல் விரல் நகரவில்லை. போனோடு எழுந்து, "இன்னைக்கு ஆறு அம்பத்தொண்ணு" என்றாள்.

அவள் வீட்டு மாடிப்படியில் நான் ஏறியது அதுதான் முதல் தடவை. மேலிருந்து பார்த்தால் என் ஜன்னல் பளிச்சென்று தெரிந்தது. மெஷின், கடிகாரம், நான் உட்காருகிற ஸ்டூல். அங்கே உட்கார்ந்திருக்கிறவளை இவள் தினமும் பார்த்திருக்கிறாள். மேற்கே கருவேலங்காடு கறுத்துக் கிடந்தது. போனில் அந்த வீடியோவை ஓடவிட்டாள். பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து, "ஏடி, மாவு பொங்கி வழியுது, இறங்கி வாடி" என்று முருகலட்சுமியின் குரல் கேட்டது. "அய்யோ அம்மா, ரிக்கார்டு ஆகுதும்மா" என்றது பிள்ளை. இந்த இடத்தில்தான் அவள் சிரித்திருக்கிறாள். இன்றைக்குச் சிரிக்கவில்லை.

காட்டுக்கு மேலே ஒரு வெளிச்சம் கிளம்பியது. மினுக்கவில்லை, சத்தமில்லை, ஒரே சீராக ஏறி வந்தது. "அந்தா வருது பாருங்க. அதுக்குள்ள ஏழு பேரு இருக்காக, உசுரோட இருக்கிற ஆளுக. எல்லாரும் கையாட்டுங்க" என்றது போனிலிருந்த குரல். முருகலட்சுமியின் கை எழும்பவில்லை. இரண்டு கையாலும் என் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எழுதி முடிக்காத கட்டத்தில் அவள் மகள் பேருக்குப் பக்கத்தில் அந்தச் சின்னக் கோடு வந்து வந்து மறைந்தது.

நான் கையைத் தூக்கினேன். கீழே தெருவில் மாரிக்கனி ரவிக்கை வாங்க என் வீட்டுக்கு வந்திருந்தாள். பூட்டிக்கிடந்த கதவைப் பார்த்துவிட்டு அண்ணாந்தாள்; என்னைப் பார்த்தாள், நான் கையாட்டுகிற மேற்கைப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று கையை இறக்காமல் நின்றேன். வெளிச்சம் எங்கள் தலைக்கு மேலே வந்து, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, கிழக்கே போய்க்கொண்டிருந்தது.