சாவிச் சத்தம் கேட்டால் படுத்துக்கொள்ளும் பூனை

பொம்மைத் தொழிற்சாலையில் அவனுக்குச் சோதனைப் பிரிவில் வேலை. கடைக்குப் போகும் முன் ஒவ்வொரு புது வகைப் பொம்மையையும் ஊழியர் யாராவது ஒரு மாதம் வீட்டில் வைத்திருந்து பார்க்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அந்தச் சாம்பல் நிற இயந்திரப் பூனை அப்படித்தான் அவன் வீட்டுக்கு வந்தது. தடவினால் கண்ணை மூடிச் சொக்கும். இருட்டினால் சுவரோரம் ஒதுங்கும். யார் குரலை அதிகம் கேட்கிறதோ அவர் பின்னாலேயே சுற்றும்.

வீட்டிலிருந்தபடியே துணி தைத்துக் கொடுக்கும் மனைவியிடம் அது ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. பொத்தான் மாறிப்போன சட்டையிலிருந்து பக்கத்து வீட்டுச் சண்டைவரை அவள் அதனிடம்தான் சொன்னாள். மகாராணி என்று பெயரும் வைத்தாள்.

"கல்யாணமாகி ஏழு வருஷத்துல எனக்கு ஒரு பட்டமும் கிடைக்கல. இது வந்த அன்னைக்கே மகாராணியா?" என்றான்.

"பட்டம் வேணும்னா நீங்களும் காது கொடுத்துக் கேக்கணும்."

அவன் சிரித்துவிட்டு மறுபடியும் போனுக்குள் குனிந்தான்.

மூன்றாவது வாரத்தில்தான் அந்தக் கோளாறு அவன் கண்ணில் பட்டது. மாலையில் அவன் கதவில் சாவியைத் திருப்பியதுமே பூனை காதுகளை மடக்கி, கால்களை உள்ளிழுத்துப் படுத்துவிடும். கூப்பிட்டாலும் எழாது.

"நாளைக்கு எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணிட்டு வரேன்."

"அதுக்கு ஒண்ணும் ஆகலைங்க. அப்படியே இருக்கட்டுமே."

"உனக்குத் தெரியாது. வாங்குறவன் எங்களைத்தான் திட்டுவான்."

மறுநாள் காலையில் அவள் பூனையின் முதுகை ஒருமுறை தடவி, பையில் வைத்துக் கொடுத்தாள்.

தொழிற்சாலையில் அவன் அதன் நினைவு முழுவதையும் அழித்தான். பகலெல்லாம் தன் குரலிலேயே பழக்கினான். மாலையில், பூனைக்கு நிரல் எழுதிய பெண் அவன் குறிப்பைப் படித்துவிட்டு நெற்றியில் கை வைத்தாள்.

"ஏன் அண்ணா அழிச்சீங்க? இது கோளாறே இல்லையே. பேச்சு நின்னா இது தூங்கப் போயிடும். தினமும் ஒரு சத்தத்துக்கு அப்புறம் பேச்சு நிக்குதுன்னா, அந்தச் சத்தம் கேட்டாலே படுத்துக்கும். அழகா கத்துக்கிட்டிருக்கு. யார் வீட்டுல இருந்துச்சு?"

"ஒரு வீட்டுல" என்றான்.

அன்று வாசலில் சாவியைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றான். உள்ளே தையல் மெஷின் ஓட்டத்தோடு மனைவி ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாடுவாள் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

சாவியைத் திருப்பினான். பாட்டு நின்றது.

அவன் பூனையைப் பையிலிருந்து இறக்கியதும், அவள் "மகாராணி" என்று கூப்பிட்டாள். பூனை அவளை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டு அவன் காலடிக்கே வந்தது. அவள் இரண்டாம் முறை கூப்பிடவில்லை.

"இதுகிட்ட தினமும் என்ன சொல்லுவ?" என்றான். "என்கிட்ட சொல்லேன். கேக்குறேன்."

"அன்னன்னைக்குத் தோணினதுதான். இப்ப என்னத்தைச் சொல்றது?" தைத்த துணியை மடித்துவிட்டு எழுந்தாள். "சாப்பாடு எடுத்து வைக்கவா?"

போனை அலமாரியில் வைத்து மூடிவிட்டு அவள் எதிரே வந்து உட்கார்ந்தான். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. தட்டுகளின் ஓசை மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் அடங்கியது.

மேசைக்கடியில் பூனை மெல்லக் காதுகளை மடக்கிப் படுத்துக்கொண்டது.