சீசர் கடித்த கை

டாக்டர் ரொனால்டு கைதட்டத் தொடங்கியதும் உள்ளே கூண்டுகளில் இருந்த நாய்களெல்லாம் குரைக்க ஆரம்பித்தன. தினமும் காலையில் இதே கூத்துதான். ஊழியர்களை உற்சாகப்படுத்துவது எப்படி என்று கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஓட்டலில் வகுப்பு நடந்ததாம். போய்வந்த மறுநாளே டாக்டர் தன் கால்நடை ஆஸ்பத்திரியில் இந்த வழக்கத்தைக் கொண்டுவந்துவிட்டார். எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். வாடிக்கையாளர்கள் இணையத்தில் யாரைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்களோ அவருக்குக் கைதட்ட வேண்டும். சுவரில் அவர் படத்துக்கு மேல் ஒரு தங்க நட்சத்திரம் ஏறும். இன்றைய நட்சத்திரம் கவுண்டரில் இருக்கும் நஸீராவுக்கு. பேகம்பூரிலிருந்து வருகிற சிரித்த முகக்காரி. அவளுக்குத் தட்டுவதில் வினோலியாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அதே வட்டத்தில் சடையாண்டியும் நின்றார். சிகிச்சையின்போது மிருகங்களைப் பிடித்துக்கொள்வது அவர் வேலை. வலது கையில் முழங்கைவரை கட்டு. இரண்டு கையும் சேராததால் இடது கையால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் வினோலியா தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"இன்னொரு விஷயம்," என்றார் டாக்டர். "பாண்டியராஜ் சார் செத்த நேரத்துல வாரார். சடையாண்டியண்ணே அவர்கிட்ட ஒரு சாரி சொல்லிருவாரு. அம்புட்டுத்தான். அதோட எல்லாரும் மறந்துரணும்."

மறப்பதாம். அந்த ஆஸ்பத்திரி ஒற்றை அறையாக இருந்த நாளிலிருந்து வினோலியா அங்கே இருக்கிறாள். இப்போது ஊழியர்கள் பொறுப்பு முழுக்க அவளுடையது. சடையாண்டி கடிபட்ட அன்றைக்கு, பாண்டியராஜின் நாய் சீசரின் காதுப் புண்ணுக்கு மருந்து வைத்தபோது தட்டை ஏந்தி நின்றவளும் அவள்தான். பயந்த நாய் முதலாளியைப் பார்த்தால் இன்னும் திமிறும் என்பதால், உரியவர்களை வெளியே இருக்கச் சொல்வது அங்கே வழக்கம். சடையாண்டியும் பணிவாகத்தான் சொன்னார். வடமதுரை ரோட்டில் மில் வைத்திருக்கும் பாண்டியராஜுக்கு அது அவமானமாகப் போய்விட்டது. "எம் நாயி, நான் நிப்பேன்" என்றார். டாக்டரும் உடனே, "பரவால்ல சார், நீங்க நில்லுங்க" என்றுவிட்டார். ஊசியைப் பார்த்ததும் பாண்டியராஜ் "சீசர், சீசர்" என்று கத்த, மிரண்ட நாய் திரும்பிச் சடையாண்டியின் கையைக் கவ்வியது. கவ்வியபோதும் அவர் பிடியை விடவில்லை. விட்டிருந்தால் அது மேசையிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டிருக்கும். அன்று சாயங்காலமே பாண்டியராஜ் இணையத்தில் எழுதினார்: நாயின் கழுத்தை நெரித்த முரட்டு ஊழியர்.

கை எப்படியிருக்கிறது என்று டாக்டர் கேட்டாரா? கேட்கவில்லை. இணையத்தில் ஆஸ்பத்திரிக்கு நட்சத்திரம் குறைந்துபோனதைத்தான் பார்த்தார்.

கூட்டம் கலைந்ததும் வினோலியா மருந்தறைக்குள் போனாள். "டாக்டர், அவரை நிக்கச் சொன்னது நீங்கதானே?"

"தெரியும்க்கா. அவரு தோட்டத்து மாடெல்லாம் நம்மகிட்டத்தான் வருது. ஒரு வார்த்தைதானே? அண்ணனே சரின்ட்டாரு. ஸ்டாஃபை உற்சாகமா வச்சுக்க வேண்டிய நீங்களே மூஞ்சியத் தூக்கிட்டு நின்னா எப்பிடி?"

அவள் கூண்டுகள் இருந்த பக்கம் நடந்தாள். காலைப் பூசையில் தன் வாயைக் கட்டிவைக்கும்படி ஆண்டவரிடம் வேண்டிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

உள்ளே சடையாண்டி இடது கையால் ஒரு குட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பாதி வெளியே சிந்தியது.

"சரின்னு சொன்னியாமே, ஏப்பா?"

"சொல்லிட்டுப் போறேன்க்கா. இந்த வயசுல வேற எங்க போயி நாயப் பிடிக்க?" சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "முரடன்னு எழுதிட்டாருல்ல, அத எம் மக போன்ல படிச்சுப்புட்டா. 'அப்பிடியாப்பா செஞ்ச?'ன்னு கேட்டா. 'இல்ல தாயி'ன்னு சொன்னேன். இப்பப் போயி மன்னிப்புக் கேட்டா, நான் அவகிட்டச் சொன்னது பொய்யின்னு ஆயிரும். அதான் யோசனையா இருக்கு."

வாசலில் கார் நின்றது. டாக்டரோடு எல்லோரும் கூடத்துக்கு வந்தார்கள். சீசர் உள்ளே பாய்ந்து வந்து, வழவழப்பான தரையில் வழுக்கி, பதற்றத்தில் கூடத்தின் நடுவிலேயே மூத்திரம் பெய்தது. பாண்டியராஜ் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"என்னப்பா, எங்கிட்ட என்னமோ சொல்லணும்னியாம்? நாயே என்னைக் கண்டா வால ஆட்டுது. மனுசனுக்கு வாயி வரலையோ?"

சடையாண்டி கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். மறைக்க வேண்டியவரா அவர்! வாயைத் திறந்தார். அதற்குள் வினோலியா முன்னால் வந்துவிட்டாள்.

"அவரு சொல்ல மாட்டாரு சார். உங்கள வெளிய இருக்கச் சொன்னது உங்க நாயோட நல்லதுக்கு. கூட நிக்கச் சொன்னது எங்க டாக்டர். கடி வாங்குனது இவரு. கடி வாங்கியும் உங்க சீசரக் கீழ விடல. இவரு எதுக்கு சார் மன்னிப்புக் கேக்கணும்?" பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள். "பொய்யின்னா சொல்லுங்க டாக்டர். இப்பவே பைய எடுத்துட்டுக் கிளம்புறேன்."

டாக்டர் தரையில் கிடந்த மூத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆளுங்கள நல்லாத்தான் வச்சிருக்கீங்க," என்றார் பாண்டியராஜ். சங்கிலியைச் சுண்டி இழுத்துக்கொண்டு வெளியேறினார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. நஸீரா கவுண்டரில் அடித்த போனை எடுக்கவில்லை.

தரையில் சீசரின் மூத்திரம் நாற்காலிகளின் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. சடையாண்டி பழக்கதோஷத்தில் போய்த் துடைப்பானை எடுத்து, இடது கையால் அதைப் பிழிய முயன்றார். டாக்டர் வந்து அதை அவர் கையிலிருந்து வாங்கினார். பிடுங்கினார் என்றும் சொல்லலாம். எதற்கென்று யாருக்கும் விளங்கவில்லை. குனிந்திருந்ததால் முகமும் தெரியவில்லை. பிழியாமலே தரையில் போட்டுத் தள்ளினார். அழுக்குத் தண்ணீர் அவருடைய காலணிக்குள் ஏறியது. அவர் நிறுத்தவில்லை. தள்ளிக்கொண்டே வாசல்வரை போனார். வினோலியா உதவிக்குப் போகவும் இல்லை, பையை எடுக்கவும் இல்லை. ஈரமான தரையில் டாக்டரின் காலடிகள் ஒவ்வொன்றாகப் பதிந்துகொண்டே போவதைப் பார்த்தபடி நின்றாள்.